ஷாமொனியில் ஒரே ஒரு நாள்: ஊசிமேல் ஏறுவதா, எதிரே நின்று பார்ப்பதா?

சித்தப்பா மகள் மஞ்சக்குப்பத்திலிருந்து போன் செய்தாள். செப்டம்பர் முதல் வாரம் மாமனார், மாமியார், வீட்டுக்காரர், இரண்டு வயதுக் குழந்தை எல்லோருமாகப் பாரிஸ் போகிறார்கள், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையில் ஷாமொனி என்ற ஊரில் இரண்டு இரவு தங்கல். போகிற நேரம் வருகிற நேரம் கழித்தால் முழுசாகக் கையில் நிற்பது ஒரு நாள்தான். "அண்ணா, நீங்கதான் போயிட்டு வந்தீங்களே, அங்க ரொம்ப உசரமா ஒரு ரோப்கார் போகுதாமே, டிக்கெட் போட்டுடட்டுமா?" என்றாள். போடாதே என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் போடக் கூடாது என்று விளக்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடி, குழந்தை அழுது, பேச்சு பாதியில் நின்றுபோனது. சொல்ல வந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன், இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

நாங்கள் போனது ஒரு ஜூலையில். புதுச்சேரியிலிருந்து நான், அப்பா, அம்மா. பாரிஸ் பக்கத்திலிருந்து அக்கா, மாமா, அவர்களுடைய பதினாறு வயதுப் பையன், நாலு வயதுப் பெண். அப்பா ரிட்டையர்டு அறிவியல் வாத்தியார். அம்மாவுக்கு முட்டிவலி, பிபி மாத்திரை. அதாவது நம் வீடுகளில் வழக்கமாக ஊர் சுற்றப் போகும் கூட்டம் எப்படி இருக்குமோ அப்படியே. நாலு நாள் இருந்ததால் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் பார்க்க முடிந்தது.

முதலில் ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஷாமொனி (பிரெஞ்சில் Chamonix, கடைசி x-ஐ விழுங்க வேண்டும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை) கடல் மட்டத்திலிருந்து 1035 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடவே தாழ்வு. ஆனால் அது ஒரு நீளமான தொட்டியின் அடியில் கிடக்கிறது. நடுவில் ஆர்வ் என்ற ஆறு, பால் கலந்த சிமெண்ட் நிறத்தில், சத்தமாக. ஒரு பக்கச் சுவர் ஆல்ப்ஸிலேயே உயரமான மோன் பிளான் (Mont Blanc) இருக்கும் மலைத்தொடர், எல்லாம் பனி. எதிர்ச் சுவர் சிவப்பு ஊசிகள் என்று பெயர் கொண்ட மலைத்தொடர், அதில் பனி குறைவு, புல்லும் பாறையும். ரோப்கார்களும் ரயிலும் ஒன்று இந்தச் சுவரில் ஏறும், அல்லது அந்தச் சுவரில் ஏறும். பனிச்சுவர்மேல் ஏறி நிற்கப்போகிறோமா, எதிர்ச்சுவரில் ஏறி அதைப் பார்க்கப்போகிறோமா, அவ்வளவுதான் கேள்வி.

அவள் கேட்ட ரோப்கார் பனிச்சுவரில் ஏறுவது. எகுயி து மிதி, தமிழில் நண்பகல் ஊசி. ஊரிலிருந்து பார்த்தால் உச்சிவேளையில் சூரியன் அந்த முனைக்கு மேலே வந்து நிற்பதால் அப்படிப் பெயர். 1955-இல் திறந்தது. 2317 மீட்டரில் ஒரு நடு ஸ்டேஷன், ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அங்கே வண்டி மாறி அடுத்ததில் ஏறினால் இடையில் ஒரு தூண்கூட இல்லாமல் கம்பியிலேயே தொங்கிக்கொண்டு 3777 மீட்டருக்குப் போய்ச் சேரும். இரண்டும் சேர்த்து இருபது நிமிடம். பழனி ரோப்காரில் போனவர்கள் அதை நினைத்துக்கொண்டு போக வேண்டாம், இது வேறு ஜாதி. அதன் பிறகு பாறைக்குள்ளேயே ஒரு லிப்ட், அது 3842 மீட்டர் உச்சிக்குக் கொண்டுபோய் விடும்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், பொய் சொல்லாமல் சொல்கிறேன், வாழ்நாளில் மறக்காது. மூன்று நாட்டு மலைகள் தெரியும். கயிறு கட்டிக்கொண்டு பனி முகட்டில் மலையேறிகள் எறும்பு வரிசை மாதிரி இறங்கிப்போவார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, 2013 கடைசியில் வைத்தது. தரையும் கண்ணாடி, காலுக்கடியில் ஆயிரம் மீட்டர் வெறும் காற்று. செருப்புமேல் போட்டுக்கொள்ளத் துணிக்காலணி கொடுத்து உள்ளே விடுகிறார்கள். அக்கா பையன் இரண்டு முறை வரிசையில் நின்று போய்வந்தான். அப்பா வாசல்வரை போய், "பரவாயில்லப்பா, இங்கேருந்தே தெரியுது" என்று திரும்பிவிட்டார்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். நாம் கடலோரத்து ஆட்கள். லாஸ்பேட்டை மேட்டையே மேடு என்று சொல்கிறவர்கள். அந்த உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. லடாக்கில் லே நகரத்துக்கு விமானத்தில் போகிறவர்களை முதல் ஒன்றிரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள், அது 3500 மீட்டர். இங்கே அதைவிட உயரத்துக்கு இருபது நிமிடத்தில் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். நான் செய்த தப்பு, நடு ஸ்டேஷனில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம், கூட்டம் சேருவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக் கொண்டுபோனேன். லிப்ட் வாசலில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே மலையைப் பார்க்க, அம்மா கைப்பையில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் நான் அவரோடு கீழே இறங்கிவிட்டேன். நடு ஸ்டேஷன் வந்ததும் சரியாகிவிட்டது, அங்கேயே டீ கேட்டார்.

குளிர் இன்னொன்று. கீழே ஊரில் ஜூலையில் அரைக்கைச் சட்டை போதும், மேலே அதே நேரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும், காற்று வேறு. சால்வை எல்லாம் எடுபடாது. முக்கியமாகக் குழந்தைகள் விஷயம்: மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் மேலே ஏற்றவே மாட்டார்கள், ஐந்து வயதுக்குள் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அதனால்தான் மாமா அன்றைக்குத் தன் நாலு வயதுப் பெண்ணோடு கீழேயே தங்கிவிட்டார். சித்தப்பா மகளிடம் நான் போடாதே என்றதற்கு முதல் காரணமே இதுதான். டிக்கெட் போட்டிருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சண்டை பிடித்திருப்பாள்.

இரண்டாவது, சிவப்பு ரயில். மோந்தான்வேர் ரயில் என்று பெயர். ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேம்பாலம் தாண்டினால் அதற்குத் தனி ஸ்டேஷன். நம் ஊட்டி ரயில் மாதிரியே தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம். ஊட்டிவரை ரயில் போனதும் இங்கே முதல் பகுதி ஓட ஆரம்பித்ததும் ஒரே 1908-ஆம் ஆண்டு என்று அப்பா கண்டுபிடித்துச் சொல்லி மகிழ்ந்தார். ஆனால் ஊட்டி ரயில் 46 கிலோமீட்டர், ஏறும்போது பாதி நாள் ஓடிவிடும். இது ஐந்து கிலோமீட்டர் சொச்சம், இருபது நிமிடத்தில் 1913 மீட்டரில் இறக்கிவிடும். மூச்சுத் தொந்தரவு இல்லை, குழந்தைகளுக்குத் தடை இல்லை, விலையும் ஊசியில் பாதிதான். கேட்கும்போது இதுவே சரி என்று தோன்றும்.

போய் இறங்கியதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "இதுவா?" பார்க்கப் போவது மெர் த கிளாஸ், பனிக்கட்டிக் கடல், பிரான்சிலேயே நீளமான பனியாறு. 1741-இல் இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு உறைந்துபோன கடல் மாதிரி என்று எழுதியதிலிருந்து வந்த பெயர். இன்றைக்கு மேடையில் நின்று குனிந்து பார்த்தால் கடலும் இல்லை, வெள்ளையும் இல்லை. ரொம்பக் கீழே, சாலை போடக் கொட்டிவைத்த ஜல்லி மாதிரி சாம்பல் நிறத்தில் கல் மூடிக் கிடக்கிறது. பளிச்சென்று பனி பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் அப்பாவுக்கு மட்டும் அந்த இடம் பிடித்துப்போனது, அல்லது பிடித்தது என்று சொல்லக் கூடாது, வேறு ஏதோ. பனியைத் தொட்டுப் பார்க்க 1988-இல் மேடையிலிருந்து கீழே ஒரு ரோப்கார் போட்டார்கள். அப்போது இறங்கியதும் இரண்டு மூன்று படியில் பனி. பனி கீழே போகப்போகப் படிகளைச் சேர்த்துக்கொண்டே வந்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கடைசியில் அதையே கைவிட்டு 2024 தொடக்கத்தில் பனியாற்றின் மேல்பக்கமாகப் புது ரோப்கார் போட்டிருக்கிறார்கள். பாறையில் அங்கங்கே பலகை, இந்த ஆண்டில் பனி இவ்வளவு உயரம் இருந்தது என்று. அப்பா ஒரு பலகைக்கும் பனிக்கும் நடுவே இருக்கும் வெறும் பாறையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "காந்தி சிலைக்கு முன்னாடி மணல்ல நாங்க பந்து விளையாடியிருக்கோம், தெரியுமா?" என்றார். துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டிய பிறகு புதுச்சேரிக் கடற்கரையில் மணல் போய்க் கல் கொட்டினது, பிறகு கடலுக்குள் திட்டு போட்டுக் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தது, இதையெல்லாம் கண்ணால் பார்த்த தலைமுறை அவர். என் தலைமுறைக்குக் கடற்கரை என்றாலே கருங்கல்.

ஆக, ரயில் யாருக்கு? பனி உருகுவதைப் பற்றிப் படித்திருக்கிறோம், அதை நேரில் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. பனிக்குள் குடைந்த குகை ஒன்றும் உண்டு, பனி நகர்வதால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குடைகிறார்கள், உள்ளே நீலமாக இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அழகு தேடிப் போகிறவர்கள் ரயில் பயணத்தை மட்டும் ரசித்துவிட்டு வரலாம்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. எதிர்ச்சுவர். பிரேவான் என்ற இடம், 2525 மீட்டர். ஊரிலிருந்து சின்னச் சின்னப் பெட்டிகளாக வரும் ரோப்காரில் 2000 மீட்டர், அங்கே மாறிப் பெரிய ரோப்காரில் உச்சி. ஊட்டி தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் தாழ்வு, அதனால் ஊட்டி போய்வந்த நம் உடம்பு தாங்குகிற உயரம்தான். அம்மா மேலே போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்து எல்லோருக்கும் போட்டார், பக்கத்து பெஞ்ச் பிரெஞ்சுக்காரப் பாட்டிக்கும் கொஞ்சம். ஒரே குறை, ரோப்கார் ஏறும் இடமே ஊர் மாதாகோவிலுக்குப் பின்னால் செங்குத்தான தெருவின் கோடியில் இருக்கிறது, முட்டிவலிக்காரர்கள் அந்தத் தெருவில் ஏறுவதற்குள் போதும்போதும் என்று ஆகிவிடும். பஸ்ஸில் போய்விடுங்கள், நான் நடக்கவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அங்கே நின்றால் மோன் பிளான் நேர் எதிரே. தலை முதல் கால்வரை, 4800 மீட்டர் உச்சியிலிருந்து கீழே பைன் காடுவரை ஒரே பார்வையில். ஊசியின் மேலே நின்றபோது அதே உச்சி பக்கத்தில் ஒரு வெள்ளை மேடு மாதிரிதான் தெரிந்தது, அக்கா பையன் "இதுல எது மோன் பிளான்?" என்று கேட்டான். வில்லியனூர் தேர் எவ்வளவு பெரிசு என்று தேர்மேல் உட்கார்ந்திருக்கும் குருக்களுக்குத் தெரியாது, எதிர்வீட்டு மாடியில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். ஊசியில் ஏறுவது தேர்மேல் ஏறுவது, பிரேவான் எதிர்வீட்டு மாடி.

இன்னொரு விஷயம், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. பிரேவானிலிருந்து பார்க்கும்போது மோன் பிளானிலிருந்து ஊர்ப்பக்கமாக நாக்கு நீட்டினதுபோல் ஒரு பனியாறு வழிந்து வரும், போசொன் என்று பெயர். 1966 ஜனவரி 24-ஆம் தேதி ஜெனீவாவில் இறங்க வந்த ஏர் இந்தியா விமானம் இந்த மலையில்தான் மோதியது. 117 பேர். அதில் ஒருவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. 1950-இலும் இன்னொரு ஏர் இந்தியா விமானம் இங்கேயே விழுந்து 48 பேர் இறந்தார்கள். மேலே விழுந்ததைப் பனி விழுங்கி, ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்துக் கீழே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2012-இல் நம் வெளியுறவுத் துறையின் தபால் பை, 2013-இல் மரகதமும் நீலமும் இருந்த ஒரு சின்னப் பெட்டி, 2020-இல் இந்திரா காந்தி பிரதமரான செய்தி போட்ட அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள். ஈசிஆரில் கல்பாக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் பாபாவைப் பற்றிப் பேசும் அப்பா, அன்றைக்கு அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. இதற்காகவே பிரேவான் போகலாம் என்பேன்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு அதே எதிர்ச்சுவரில் இன்னும் கொஞ்சம் தள்ளி லாக் பிளான், வெள்ளை ஏரி, 2352 மீட்டர். பக்கத்துக் கிராமத்திலிருந்து ரோப்காரில் பிளெழேர் போய், அங்கிருந்து நாற்காலி லிப்டில் அந்தெக்ஸ்வரை போனால் ஒன்றேகால் ஒன்றரை மணி நேர நடை. மாமாவும் பையனும் நானும் போனோம். கல் பாதை, ஷூ இல்லாமல் போகாதீர்கள், பாட்டா செருப்பில் வந்த ஒருவரைப் பார்த்து எனக்கே கால் வலித்தது. காலையில் காற்று இல்லாத நேரத்தில் போனால் எதிரே இருக்கும் பனிமலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாக இருக்கும். நாலு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால் இதுதான், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு யோசிக்கவே முடியாது. கடைசி லிப்ட் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், விட்டால் கீழேவரை நடைதான்.

மேலே எதுவும் தெரியாத நாள் வந்தால்? வரும். அப்போது காசைக் கொட்டி எதிலும் ஏறாதீர்கள், மேகத்துக்குள் நிற்பதற்கு ஊசியும் ஒன்றுதான் கோரிமேடும் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் உச்சியில் வைத்திருக்கும் கேமராவை போனில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மேகம் இருந்தால் ஆற்றோரம் நடக்கலாம், கையான் ஏரிக்கரையில் உட்காரலாம். குழந்தைகள் இருந்தால் லே ஊஷ் என்ற அடுத்த ஊர்ப் பக்கத்தில் மெர்லே என்ற விலங்குப் பூங்கா, மானும் லாமாவும் நம் பக்கத்திலேயே திரியும். மருமகள் ஊருக்கு வந்த பிறகும் லாமாவைப் பற்றித்தான் பேசுகிறாள், மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊர் நடுவே ஒரு சிலை, ஒருவர் உச்சியைக் கைகாட்ட இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். 1786-இல் மோன் பிளானில் முதலில் ஏறியது பல்மா, பக்கார் என்று இரண்டு பேர். சிலையில் இருப்பது பல்மாவும், உச்சிக்கு வழி கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்த சொசூரும். கூட ஏறிய டாக்டர் பக்காருக்கு இருநூறு வருடம் கழித்துத்தான் தனியாக ஒரு சிலை கிடைத்தது. பாராசூட் மாதிரி கட்டிக்கொண்டு குதிப்பது, ரப்பர் படகு எல்லாமும் இருக்கின்றன, அதற்கெல்லாம் நான் ஆள் இல்லை.

காசும் மாதமும். நாங்கள் போனபோது ஊசிக்குப் போய்வரப் பெரியவர்களுக்கு 75 யூரோ வாக்கில், யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் தலைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. ரயிலும் பிரேவானும் ஆளுக்கு அதில் பாதி வாக்கில். மூன்றிலும் ஏறப்போகிறவர்கள் தனித்தனியாக வாங்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து மல்ட்டிபாஸ் இருக்கிறது, அதில் லாபம். ஒன்றில் மட்டும் ஏறுகிறவர்களுக்கு அது தண்டம். தங்கும் இடத்தில் விருந்தினர் அட்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதை வைத்தே ஊருக்குள் பஸ் ஓடிவிட்டது. மாதத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். பள்ளி லீவு மே மாதம் என்று மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போனால் பிரேவானும் பிளெழேரும் மூடியிருக்கும், ஜூன் நடுவில்தான் திறக்கும், ஏரிப் பாதையில் அப்போதும் பனி கிடக்கும். ஜூலை ஆகஸ்டில் கூட்டம். செப்டம்பர் முதல் பாதி நல்ல நேரம், அந்த வகையில் தங்கச்சி கெட்டிக்காரி.

இத்தனையும் எழுதி அனுப்பிவிட்டு என் கணக்கையும் சொன்னேன். மாமனார், மாமியார், குழந்தை, நீ, நாலு பேரும் காலை ஒன்பது மணிக்கு பஸ் பிடித்துப் பிரேவான். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மதியம் இறங்கிப் படுத்துவிட்டு, சாயங்காலம் ஆற்றோரம். மாப்பிள்ளைக்கு அந்த ஊசிமேல்தான் ஆசை என்றால் முதல் வண்டிக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுத் தனியாக அனுப்பு, நடு ஸ்டேஷனில் அரை மணி நேரம் உட்காரச் சொல், பதினொன்றுக்கெல்லாம் வந்துவிடுவார்.

உடனே போன் வந்தது. ஒப்புக்கொண்டாள், ஒரே ஒரு சந்தேகம். "நாங்க இந்தப் பக்கம் மலைமேல, அவர் அந்தப் பக்கம் மலைமேல. கை காட்டினா தெரியுமாண்ணா?"

தெரியாது என்றேன். அந்த உச்சியில் இருக்கும் கட்டடமே அங்கிருந்து குண்டூசித் தலை அளவுதான் தெரியும். கண்ணாடி எடுத்துப்போய் வெயிலில் அடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.